மூளையைத் தொடும் மின்சாரம்: குறியும் நிய்யத்தும்

வேட்டைக்குச் சென்ற ஒருவன் மானைக் குறிவைத்து அம்பு எய்கிறான். அம்பு குறி தவறிப் புதருக்குப் பின்னால் நின்ற மனிதன்மீது பட்டு, அவன் இறந்துவிடுகிறான். எய்தவன் கொலைகாரனா?

நம் ஃபிக்ஹு நூல்கள் இந்த மஸ்அலாவை மிக நுட்பமாக ஆராய்கின்றன. எய்தவனிடம் கொல்லும் எண்ணம் இருக்கவில்லை. ஆகவே வேண்டுமென்றே கொன்றவனுக்குரிய தண்டனை அவனுக்கு இல்லை. ஆயினும், "நான் மானைத்தானே நினைத்தேன்!" என்று சொல்லிவிட்டு அவன் வீட்டிற்குப் போய்விட முடியாது. வாரிசுகள் மன்னித்தாலொழிய இறந்தவனுக்குரிய தியத் எனும் ஈட்டுத்தொகை கொடுக்கப்பட வேண்டும். எய்தவன் கஃப்பாரா எனும் பரிகாரத்தையும் நிறைவேற்ற வேண்டும். தவறுதலாக நேரும் கொலைக்கான இச்சட்டத்தின் அடிப்படை, திருமறையின் நிஸா அத்தியாயத்தில் உள்ளது.

இதில் அடங்கியுள்ள தத்துவத்தைச் சற்று நின்று கவனியுங்கள். மார்க்கம் ஒரே செயலைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறது. ஒன்று, எதை எண்ணிச் செய்தாய்? மற்றொன்று, அது எங்கே போய்ப் பட்டது? முதல் கேள்விக்கு நிய்யத் பதிலாகும். இரண்டாவது கேள்விக்கு நிய்யத் மட்டும் பதிலாகாது. நல்ல எண்ணத்தோடு எய்த அம்பாயினும், பட்ட இடத்திற்கு எய்தவன் பொறுப்பாளியே!

இந்தப் பழைய மஸ்அலாவை இன்று நாம் நினைவுகூர வேண்டிய தேவை ஏற்பட்டிருக்கிறது. ஏனெனில் மனிதன் கையில் ஒரு புதிய அம்பு வந்திருக்கிறது. மண்டையோட்டைத் திறக்காமல், கத்தியைத் தொடாமல், வெளியிலிருந்தே மூளைக்குள் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தும் சிகிச்சை முறையே அது. அதன் குறியைச் சீராக்க உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இரவு பகலாக உழைக்கின்றன. குறி சீராகச் சீராக, அந்த அம்பை எய்யும் கைக்கு நிய்யத்தின் கேள்வியும் கனமாகிக்கொண்டே போகிறது. இக்கட்டுரை சொல்ல விரும்புவது இதைத்தான்.

பழைய மீனும் புதிய கம்பியும்

மின்சாரத்தைக் கொண்டு தலைநோய்க்கு மருந்து தேடியது புதிய செய்தியன்று. உடலிலிருந்து மின்னதிர்ச்சி தரும் கடல்மீனை உயிருடன் பிடித்துத் தலைவலிக்காரரின் நெற்றியில் வைக்கும் வழக்கம் ரோமானியர் காலத்திலேயே இருந்தது. கிரேக்க மருத்துவர் காலன் இதனைச் சோதித்துப் பார்த்ததாகத் தம் நூல்களில் எழுதியுள்ளார். நைல் நதியிலும் அத்தகைய மீன் ஒன்று உண்டு. தொட்டவரை நடுங்க வைப்பதால் அரபிகள் அதனை 'ரஅ்ஆத்' என்றார்கள். பக்தாதைச் சேர்ந்த மருத்துவ மேதை அப்துல் லதீஃப் அல் பக்தாதி எகிப்தைப் பற்றி எழுதிய நூலில், அம்மீனைத் தொட்டவனுக்கு ஏற்படும் நடுக்கத்தையும் மரத்துப் போதலையும் வருணித்திருக்கிறார். மின்சாரம் என்ற சொல்லே இல்லாத காலத்து எழுத்து அது!

1801இல் இத்தாலியின் பொலோஞா நகரில் ஜியோவன்னி ஆல்தினி என்ற விஞ்ஞானி, மனச்சோர்வால் பீடிக்கப்பட்ட ஒரு விவசாயியின் தலைக்கு மின்கலத்தின் மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். 1938இல் ரோமில், வலிப்பை உண்டாக்கும் அளவுக்குப் பலமான மின்சாரம் தரும் அதிர்ச்சிச் சிகிச்சை தொடங்கியது. நம் மக்கள் 'ஷாக் வைப்பது' என்று சொல்வது இதனைத்தான். நாம் இங்கு பேசுவது அதுவன்று. அதில் பாய்வது பல நூறு மில்லி ஆம்பியர். இதிலோ பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர்தான்.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நிட்ஷே, வால்ட்டர் பாலஸ் என்ற இருவர் இம்முறையைப் புதிதாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். உப்பு நீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்து, ஒரு மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சில நிமிடங்கள் செலுத்தினார்கள். கை கால்களை அசைக்கும் மூளைப் பகுதியின் செயலூக்கம் கூடவோ குறையவோ செய்தது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அம்மாற்றம் சிறிது நேரம் நீடித்தது.

இந்த மெல்லிய மின்சாரம் நரம்பணுவைக் கட்டாயப்படுத்தி இயக்குவதில்லை. இயங்குவதற்கான அதன் ஆயத்த நிலையைச் சற்று உயர்த்துகிறது, அல்லது சற்றுத் தாழ்த்துகிறது. தூங்குகிறவனை இழுத்து நிறுத்துவதற்கும், அறையின் சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

குறி ஏன் தவறுகிறது?

அல்லாஹ் மனித மூளையை எத்தனை திரைகளுக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறான் என்பதை இந்த விஞ்ஞானிகளைக் கேட்டால் தெரியும். முதலில் தலைத்தோல். அது மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். ஆகவே செலுத்திய மின்சாரத்தின் பெரும்பகுதி மூளைக்குள் இறங்காமல், தோல் வழியாகவே ஒரு பட்டையிலிருந்து மற்றப் பட்டைக்கு ஓடிவிடுகிறது. அடுத்தது மண்டையோடு. அது மின்சாரத்தைத் தடுக்கும் கெட்டிச் சுவர். அதையும் தாண்டினால் மூளையைச் சூழ்ந்துள்ள நீர். அது மூளைத் தசையைவிடப் பன்மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே உள்ளே வந்ததையும் அது பக்கவாட்டில் பரப்பிவிடுகிறது.

2018இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தோர் உடல்களில் அளந்து பார்த்தபோது, தலைக்கு வெளியே கொடுத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 75 சதவிகிதம் தோலிலும் எலும்பிலும் வீணாகிவிடுவது தெரிந்தது. வலிப்பு நோய்க்காக மூளைக்குள் கம்பிகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் அளந்தபோதும், உள்ளே எட்டிய மின்புலம் ஒரு மீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற அளவைக்கூட எட்டவில்லை.

அது மட்டுமா? பழைய முறையில் பயன்பட்ட பஞ்சுப் பட்டை ஒன்றின் பரப்பு 35 சதுர சென்டிமீட்டர். மூளையின் ஒரு சிறு மடிப்பைத் தொட விரும்பியவர், பாதி நெற்றியையே மின்சாரத்தால் நனைத்துக்கொண்டிருந்தார். மேலும் ஒருவர் மண்டையோட்டின் தடிப்பு மற்றொருவருக்கு இல்லை. ஒருவர் மூளையின் மடிப்பு மற்றொருவருடையதைப் போன்று இல்லை. ஒரே இடத்தில் பட்டையை வைத்து ஒரே அளவு மின்சாரம் கொடுத்தாலும், இருவர் மூளையில் அது படும் இடமும் அளவும் வேறுபடும். சிலரிடம் எதிர்பார்த்த பலன் கிடைத்ததும், சிலரிடம் ஒன்றுமே கிடைக்காததும், வேறு சிலரிடம் நேர்மாறான விளைவு கண்டதும் இதனாலும்தான்.

குறியைச் சீராக்கும் முயற்சிகள்

இக்குறைகளைக் களைய மூன்று வழிகளில் முயற்சி நடந்து வருகிறது.

முதலாவது, பெரிய பஞ்சுப் பட்டைகளை விட்டுவிட்டுச் சிறு நாணயம் போன்ற மின்வாய்களைப் பயன்படுத்துவது. நியூயார்க் சிட்டி கல்லூரியின் மரோம் பிக்சன் குழுவினர், நடுவில் ஒன்று, அதனைச் சுற்றி நான்கு என்ற அமைப்பை 2009இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நடுவில் புகும் மின்சாரம் சுற்றியுள்ள நான்கின் வழியே வெளியேறுவதால், அது வட்டத்திற்கு வெளியே அதிகம் பரவுவதில்லை.

இரண்டாவது, ஒவ்வொருவர் தலையையும் காந்தப் படக்கருவியால் படம் பிடித்து, அவருடைய தோல், எலும்பு, நீர், மூளை ஆகியவற்றின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் அமைத்து, மின்சாரம் எவ்வழியே ஓடும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுவது. தையற்காரர் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைப்பது போன்றது இது. எல்லோருக்கும் ஒரே சட்டை என்ற நிலை மாறுகிறது.

மூன்றாவது முயற்சி வியப்பிற்குரியது. 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிர் கிராஸ்மன், எட் பாய்டன் முதலியோர் எலிகளிடம் இதனைச் செய்து காட்டினார்கள். ஒரு ஜோடி மின்வாய் வழியே நொடிக்கு 2000 முறை அலையும் மின்சாரம். இன்னொரு ஜோடி வழியே 2010 முறை அலையும் மின்சாரம். இவ்வளவு வேகமான அலைகளுக்கு நரம்பணுக்கள் செவி சாய்ப்பதில்லை. ஆனால் இரண்டும் ஆழத்தில் சந்திக்கும் இடத்தில், இரண்டின் வித்தியாசமான 10 என்ற வேகத்தில் ஓர் ஏற்ற இறக்கம் பிறக்கிறது. சுருதி சற்றே பிசகிய இரண்டு கம்பிகளை ஒன்றாக மீட்டும்போது ஒலி விம்மி விம்மித் தணிவதைக் கேட்டிருப்பீர்கள். அதே தத்துவம்தான். அந்த மெதுவான விம்மலுக்கு மட்டும் அங்குள்ள நரம்பணுக்கள் இசைந்தன. மேலே உள்ள பகுதி சும்மா இருந்தது! 2023இல் லண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த ஆய்வுகளில் மனிதரிடமும் இம்முறை முயன்று பார்க்கப்பட்டது. நினைவாற்றலுக்கும் கைத்திறன் பழகுவதற்கும் உரிய ஆழமான பகுதிகளை அது தொட முடியும் என்பதற்கான அறிகுறிகள் கிடைத்தன. எனினும் எலியின் தலை சிறியது. மனிதத் தலையின் ஆழத்தில் போய்ச் சேரும் மின்புலம் மிக மெல்லியது. இன்னும் வெகு தூரம் செல்ல வேண்டியிருக்கிறது.

கை தவறிய மருத்துவர்

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம்.

மருத்துவத்தால் நோயாளிக்குக் கேடு நேர்ந்தால் மருத்துவர் பொறுப்பேற்க வேண்டுமா? இதற்கு 'ளமான்' என்ற பெயரில் நம் சட்ட அறிஞர்கள் தனி விளக்கமே எழுதியுள்ளார்கள். இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் மருத்துவர்களை இவ்வகையில் ஐந்தாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் மூன்று நமக்கு இங்கே முக்கியமானவை. முதலாமவர், கலையை நன்கறிந்தவர், நோயாளியின் அனுமதி பெற்றவர், முறைப்படி செய்தவர். அதன்பின்னும் கேடு நேர்ந்தால் அவர்மீது பொறுப்பில்லை. இரண்டாமவர், கலையை அறியாமலே மருத்துவராக நடித்தவர். அவர் பொறுப்பாளி. மூன்றாமவர், கலையை அறிந்தவர்தாம், அனுமதியும் பெற்றவர்தாம், ஆனால் கை தவறி, தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிட்டார். கத்னா செய்பவரின் கத்தி எல்லை தாண்டுவதை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அவருக்குப் பாவமில்லை, ஆனால் ஈடு செய்யும் கடமை உண்டு.

இந்த மூன்று வகையும் நம் விஷயத்தில் எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள். மூளையின் ஒரு பகுதியைத் தொட எண்ணிப் பக்கத்துப் பகுதியையும் சேர்த்து மின்சாரத்தால் நனைப்பவர், கத்தி எல்லை தாண்டியவரின் வரிசைக்கு வந்துவிடுகிறார். வலி இல்லை, இரத்தம் இல்லை என்பதால் எல்லை தாண்டியது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு உண்டா? உண்டு. 2013இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். புதிய எண் குறிகளைக் கற்கும்போது மூளையின் ஒரு பகுதிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். கற்பது விரைவாயிற்று, ஆனால் கற்றது தானாகவே கைவரும் இயல்பு குறைந்தது. வேறொரு பகுதிக்குக் கொடுத்தபோது இது தலைகீழாயிற்று. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் தராசைப்போல், மூளையில் லாபம் நஷ்டத்தோடு சேர்ந்தே வரக்கூடும் என்பதை அது காட்டியது. 2016இல் இத்துறை ஆய்வாளர்கள் பலர் கையொப்பமிட்டு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். வீட்டிலேயே மின்கலமும் கம்பியும் வைத்துத் தங்கள் தலைக்குத் தாங்களே மின்சாரம் கொடுத்துக்கொள்பவர்களுக்கு எழுதிய எச்சரிக்கை அது. நீங்கள் நினைக்கும் இடத்தைவிட அதிகமான இடத்தை அது தொடுகிறது என்பதும், விளைவு நீண்ட நாள் நிற்கக்கூடும் என்பதும் அதன் சாரம்.

பலனைப் பற்றியும் உண்மையே பேச வேண்டும். 2017இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வில் மனச்சோர்வு நோயாளிகள் 245 பேர் பங்கு கொண்டனர். மின்சாரம் போலிச் சிகிச்சையைவிட மேலாக இருந்தது. ஆனால் மாத்திரைக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. மின்சாரம் பெற்றவர்களில் இருவருக்கு மனக்கிளர்ச்சி நோய் புதிதாகத் தோன்றியது. 2023இல் ஜெர்மனியின் எட்டு மருத்துவமனைகளில், மாத்திரையோடு சேர்த்து மின்சாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், போலிச் சிகிச்சைக்கும் உண்மைச் சிகிச்சைக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதனையெல்லாம் மறைத்து, 'மூளைச் சக்தி பெருக்கும் கருவி' என்று விற்பவன், குறையை மறைத்துச் சரக்கு விற்கும் வியாபாரியேயாவான். மருத்துவம் அறியாமல் மருத்துவராக நடிப்பவனுக்கு உரிய பொறுப்பும் அவன்மீது வந்து சேர்கிறது.

ஆகவே குறியைச் சீராக்க உழைப்பது வெறும் விஞ்ஞான ஆர்வமன்று. அது நோயாளிக்குச் செய்யவேண்டிய அமானத். எதைச் செய்தாலும் செம்மையாகச் செய்வதே இஹ்ஸான். அறுக்கும் பிராணியிடத்தில்கூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மனிதனின் மூளையைத் தொடும் கையிடம் அது எவ்வளவு எதிர்பார்க்கும்!

குறி தப்பாது என்றே வைத்துக்கொள்வோம்

இதுவரை குறியைப் பற்றிப் பேசினோம். ஒரு நாள் குறி தப்பாத நிலை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கவலை தீர்ந்துவிடுமா? இல்லை. அப்போதுதான் முதல் கேள்வி முழு வலிமையோடு எழுந்து நிற்கும்: எதை எண்ணி எய்தாய்?

ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். உளூச் செய்ய அமர்ந்தவர் எழுவதில்லை. கை நனைந்ததா என்று சந்தேகம், மீண்டும் கழுவுகிறார். தக்பீர் கட்டியவருக்கு நிய்யத் சரியா என்று சந்தேகம். கையை அவிழ்த்து மீண்டும் கட்டுகிறார். ஜமாஅத் முடிந்து மக்கள் வீடு திரும்பியும் அவர் முதல் ரக்அத்திலேயே நிற்கிறார். இத்தகைய வஸ்வாஸ் உள்ளவர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். உறுதி சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் ஆதார விதிகளில் ஒன்று. நலமுள்ளவனுக்கு அவ்விதி போதும். வஸ்வாஸ் முற்றியவருக்கோ விதி தெரியும். அதைக் கடைப்பிடிக்க மனம் இணங்காது. ஷைத்தானின் வேலை என்று சொல்லி நாம் அவரைக் கைவிட்டுவிடுவதும் உண்டு.

ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ (ரஹ்) என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒன்றாக வைத்து எழுதிய நூலில் வஸ்வாஸை ஒரு நோயாகவே ஆராய்ந்தார். உடலின் கோளாறும் அதற்குக் காரணமாகலாம் என்று எடுத்துரைத்தார். அந்நோயாளி தனிமையில் இருக்கக்கூடாது என்று அறிவுரையும் கூறினார். இன்று அத்தகைய பீடிப்பு நோய்க்கு, காந்த விசையால் மூளைக்குள் மின்சாரத்தைத் தூண்டும் ஒரு கருவியை 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்திருக்கிறது.

இச்சிகிச்சை ஆகுமா? வஸ்வாஸால் கட்டுண்டவர் எதை இழந்திருக்கிறார் என்று பாருங்கள். உறுதி கொள்ளும் சுதந்திரத்தையே இழந்திருக்கிறார். சிகிச்சை அச்சுதந்திரத்தைத் திருப்பித் தருமானால், அது அவருடைய தொழுகையைப் பறிப்பதன்று, அவரிடமே ஒப்படைப்பது. புத்தி பேதலித்தவர் மீதிருந்து சட்டத்தின் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாம் அறிந்ததே. தெளிவு என்பது தக்லீஃபின் வாசல். அடைத்துக் கிடக்கும் வாசலைத் திறப்பது மருந்தாக இருந்தாலென்ன, மின்சாரமாக இருந்தாலென்ன? அறிந்த மருத்துவரும், நோயாளியின் சம்மதமும், நியாயமான பலனும் இருக்குமானால் இதில் தடை சொல்ல இடமில்லை என்றே தோன்றுகிறது.

மின்சாரத்தால் வரும் நேர்மை

இப்போது கடினமான இடத்திற்கு வருகிறோம்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பங்கு கொண்டவர்கள் தனிமையில் பகடையை உருட்டி, விழுந்த எண்ணைத் தாங்களே சொல்ல வேண்டும். குறிப்பிட்ட எண்கள் விழுந்ததாகச் சொன்னால் பணம் கிடைக்கும். யாரும் பார்ப்பதில்லை, பொய் சொன்னால் பிடிபடவும் மாட்டார்கள். நெற்றியின் வலப்பக்கத்து மூளைப் பகுதிக்கு மின்சாரம் கொடுத்தபோது, பொய் சொல்வது குறைந்தது!

இதைப் படித்ததும் சிலர் மகிழக்கூடும். "அப்படியானால் எல்லோருக்கும் ஆளுக்கொரு கம்பியை மாட்டிவிட்டால் கலப்படமும் லஞ்சமும் ஒழிந்துவிடுமே! மதரஸா எதற்கு, பயான் எதற்கு?" என்று கேட்கவும் கூடும்.

அவசரப்பட வேண்டாம். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அங்கு மூன்று வகையினர் இருந்தனர். உண்மையே சொன்னவர்கள் ஒரு சாரார். பணத்திற்கும் நேர்மைக்கும் இடையே ஊசலாடி, சில முறை பொய்யும் சில முறை உண்மையும் சொன்னவர்கள் ஒரு சாரார். கிடைத்த வாய்ப்பில் எல்லாம் கூசாமல் பொய் சொன்னவர்கள் ஒரு சிறு கூட்டம். மின்சாரம் யாரை மாற்றியது? ஊசலாடியவர்களைத்தான். கூசாமல் பொய் சொன்ன கூட்டத்தின் எண்ணிக்கை குறையவே இல்லை. உள்ளத்தில் போராட்டம் இருந்த இடத்தில்தான் மின்சாரத்திற்கு வேலை இருந்தது. போராட்டமே இல்லாத உள்ளத்தில் அது எதையும் விதைக்கவில்லை.

2013இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது. ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, முகம் அறியாத மற்றொருவருக்கு எவ்வளவு பங்கு தருவீர்கள் என்று கேட்டார்கள். சில சமயம், குறைவாகக் கொடுத்தால் மற்றவர் தண்டிக்கலாம். சில சமயம் தண்டனை இல்லை. கொடுப்பது அவரவர் மனம். மூளையின் அதே வலப்பக்கத்தில் மின்சாரத்தைக் கொண்டு செயலூக்கத்தைக் கூட்டியபோது, தண்டனைக்கு அஞ்சிக் கொடுப்பது கூடிற்று. தானாக மனமுவந்து கொடுப்பதோ குறைந்தது! ஊக்கத்தைக் குறைத்தபோது நேர்மாறாயிற்று. எது நியாயம் என்ற அவர்களின் அறிவு மட்டும் இரு நிலையிலும் மாறவில்லை.

சகோதரர்களே! இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கொடுத்த பணம்தான் தெரியும். அது அச்சத்தால் வந்ததா, அன்பால் வந்ததா என்பது தெரியாது. அரசாங்கத்திற்கு வரி வந்தால் போதும். அல்லாஹ்வின் சமூகத்தில் ஸதக்காவின் மதிப்பு அந்தத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது. ஸஹீஹுல் புகாரி என்னும் மாபெரும் தொகுப்பு நிய்யத்தைப் பற்றிய நபிமொழியோடு தொடங்குவது காரணமில்லாமலா?

நிர்ப்பந்தத்தைப் பற்றியும் நம் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களை மக்கத்துக் காஃபிர்கள் வதைத்து, சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்ல வைத்தார்கள். அவர்கள் அழுதுகொண்டு பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, நாயகம் விசாரித்தது நாவைப் பற்றியன்று. கல்பு எந்நிலையில் இருந்தது என்பதைத்தான். ஈமானில் அமைதி கொண்டிருந்தது என்றார்கள் அம்மார் (ரலி). அவர்கள்மீது குற்றமில்லை என்றாயிற்று. நிர்ப்பந்தத்தால் வந்த தீய சொல் ஒருவனைக் காஃபிராக்காது என்றால், நிர்ப்பந்தத்தால் வரும் நற்செயல் ஒருவனை ஸாலிஹாக்குமா? இரண்டிற்கும் அளவுகோல் ஒன்றுதானே!

ஓர் ஆட்சேபணை

இங்கே அறிவாளி ஒருவர் ஆட்சேபிக்கலாம்: "உணவும் உறக்கமும் மூளையை மாற்றத்தானே செய்கின்றன? நோன்பு கோபத்தை அடக்குகிறதே. அதுவும் உடலின் வழியே உள்ளத்தைத் தொடுவதுதானே? மின்சாரத்தை மட்டும் ஏன் பிரிக்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், கஞ்சன் கொடையாளியாக விரும்பினால், முதலில் வலிந்தாவது கொடுத்துப் பழக வேண்டும், பழகப் பழக அது இயல்பாகிவிடும் என்ற கருத்தை இஹ்யாவில் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே நற்குணத்திற்கு வெளியிலிருந்து உதவி தேடுவதே தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள். அங்கே வலிந்து கொடுப்பவனும் அவனே, வலிக்கப்படுபவனும் அவனே. நோன்பாளி தண்ணீர்க் குடத்தின் அருகில் அமர்ந்து குடிக்காமல் இருக்கிறான்; எந்த நொடியிலும் குடிக்க அவனால் முடியும். முடிந்தும் செய்யாமையே நோன்பு. அந்த 'முடியும்' என்பதை ஒரு கருவி பறித்துவிடுமானால், எஞ்சுவது பட்டினிதான்.

எனவே உரைகல் இதுதான்: மின்சாரம் நின்ற பிறகு, அம்மனிதனின் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா? விரிந்திருந்தால் அது சிகிச்சை. சுருங்கியிருந்தால் அது அடிமைத்தளை. வாசலைத் திறந்து விடுவது வேறு. பிடரியைப் பிடித்து உள்ளே தள்ளுவது வேறு. சம்மதம் கேட்கப்படாத கைதியின் தலையில், உண்மையைக் கக்க வைக்க வேண்டும் என்று மாட்டப்படும் கம்பி இரண்டாவது வகை. மகன் பரீட்சையில் முந்த வேண்டும் என்ற ஆசையில், நலமுள்ள சிறுவனின் வளரும் மூளைக்குத் தகப்பன் கொடுக்கும் மின்சாரமும் அந்த வகைக்கு வெகு அருகில் நிற்கிறது. பிள்ளைமீது வலீக்கு உள்ள அதிகாரம் பிள்ளையின் நன்மைக்காகத் தரப்பட்டதேயன்றி, தகப்பனின் பெருமைக்காகத் தரப்பட்டதன்று.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்வோம். மின்சாரத்தால் நேர்மை கூடுகிறது என்றால், ரூஹு, கல்பு என்பதெல்லாம் வெறும் மூளைதானோ என்று இளைஞர்கள் சிலர் கலங்குகிறார்கள். கலங்கத் தேவையில்லை. கல்பு என்ற சொல்லுக்கு மார்பிலுள்ள தசைத்துண்டு என்றும், அறிகின்ற, விசாரிக்கப்படுகின்ற நுண்பொருள் என்றும் இரண்டு பொருள் உண்டென்று கஸ்ஸாலி இமாம் அவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சவாரி செய்பவனுக்குக் குதிரை தேவை. குதிரை நொண்டினால் பயணம் தாமதமாகும், மருந்திட்டால் விரைவாகும். அதனால் குதிரையே பயணி என்றாகிவிடுமா? எங்கே போவது என்பதைக் குதிரை வைத்தியர் முடிவு செய்வதில்லை.

முடிவாக

குறி தவறும் காலத்தில் மருத்துவனுக்கு ஒரு சாக்கு இருந்தது. எங்கே படும் என்று எனக்கே தெரியாது என்று அவன் சொல்லலாம். அந்தச் சாக்கை விஞ்ஞானம் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து வருகிறது. இருட்டில் எய்தவனிடம் பட்ட இடத்தைப் பற்றி விசாரணை நடக்கும். பட்டப்பகலில், குறி தப்பாத வில்லோடு எய்தவனிடம் அவன் உள்ளத்தைப் பற்றியே விசாரணை நடக்கும். ஆகவே குறி கூர்மையாகும் அளவுக்கு நிய்யத்தும் கூர்மையாக வேண்டும். இது அக்கருவியைச் செய்பவனுக்கும் உரியது. அதைக் கையாளும் மருத்துவருக்கும் உரியது. அதைத் தேடிப் போகும் நமக்கும் உரியது.

நோயுற்றவர் தகுதியுள்ள மருத்துவரிடம் செல்லட்டும். மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று. வஸ்வாஸால் வாடுபவரை ஏளனம் செய்யாமல் கைபிடித்து அழைத்துச் செல்வோம். நலமுள்ளவரோ விளம்பரத்தைக் கண்டு மயங்கித் தம் தலையைச் சோதனைக் கூடமாக்கிக்கொள்ள வேண்டாம். உண்மை பேசுவதற்கும், மனமுவந்து கொடுப்பதற்கும், அதிகாலையில் எழுவதற்கும் கம்பி வேண்டியதில்லை. ஊசலாடும் உள்ளத்தோடு ஒவ்வொரு நாளும் நாம் நடத்தும் போராட்டமே நம் கூலிக்குரிய உழைப்பு.

உள்ளங்களைப் புரட்டக்கூடியவனாகிய வல்ல நாயன் நம் அனைவரின் கல்புகளையும் தன் மார்க்கத்தில் நிலைபெறச் செய்வானாக! நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், மருத்துவர்களுக்கு அமானத்தைப் பேணும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.